பச்சை விளக்கு எரிகிறது, பேட்டரி நிற்கவில்லை

மாதத்தில் ஒருநாள் காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போகும். துணைமின் நிலையத்தில் பராமரிப்புப் பணி, மாலை வரை வராது என்று முந்தின நாளே பேப்பரில் ஊர்ப் பெயரோடு போட்டிருப்பார்கள். இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று வீட்டில் யாரும் கவலைப்படுவதில்லை. பத்து மணி ஆவதற்குள் அது கீ கீ என்று கத்தத் தொடங்கும், ஃபேன் மெல்ல நிற்கும். "பேட்டரி போயிடுச்சு போல" என்று யாராவது தீர்ப்புச் சொல்வார்கள். மறுநாள் வரும் மெக்கானிக்கும் ஒரு மூடியைக்கூடத் திறந்து பார்க்காமல் அதையே சொல்லிவிட்டுப் புது பேட்டரியின் விலையைச் சொல்வார்.

எங்கள் வீட்டுப் பேட்டரிக்கும் ஒருமுறை இப்படித் தீர்ப்பு எழுதப்பட்டது. 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி) டியூபுலர், அதாவது குழாய் வடிவத் தகடு உள்ள வகை, வயது இரண்டரை. "செல் வீக் ஆயிடுச்சு, மாத்திடுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார் சர்வீஸுக்கு வந்தவர். பக்கத்து வீட்டு அண்ணன் லாரி எலெக்ட்ரீஷியன். அன்று சாயங்காலம் சும்மா வந்தவர், இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரியின் பிளஸ் முனையில் வயர் முடுக்கியிருந்த லக்கின் மேல் விரல் வைத்தார். "தொட்டுப் பாரு தம்பி, சுடுது" என்றார். லக்கைக் கழற்றினால் அடியில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துக் கிடந்தது. கொதிக்கிற நீரில் ஆப்பசோடாவைக் கரைத்து ஊற்றினார். நுரைத்துக்கொண்டு போனது. துடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி முடுக்கி, மேலே பெட்ரோலியம் ஜெல்லியைத் தடவினார். அந்தப் பேட்டரி அதற்குப் பிறகும் ஒன்றரை வருடம் ஓடியது.

"சார்ஜ் நிற்கவில்லை" என்பது காய்ச்சல் மாதிரி. காரணம் பல இருக்கலாம், அறிகுறி ஒன்றுதான். சார்ஜ் உள்ளே போகாமல் இருக்கலாம். போனது தானாகக் கசியலாம். போதுமான அளவு இருந்தும் நாம் அளவுக்கு மீறி இழுக்கலாம். பேட்டரியின் தகடுகளே செத்துப்போயிருக்கலாம். இந்தக் கடைசிக் காரணத்துக்கு மட்டும்தான் பணம் கொடுத்துப் புதிது வாங்க வேண்டும். ஆனால் எல்லோரும் அதிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள்.

அந்த லக் விஷயத்தையே கொஞ்சம் கணக்கோடு பார்ப்போம். வீட்டுச் சுமைக்கு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 25, 30 ஆம்பியர் வரை ஓடும். இவ்வளவு மின்னோட்டத்துக்கு வழியில் சின்னத் தடை இருந்தாலும் போதும், அரை வோல்ட் அங்கேயே விழுந்துவிடும். 30 ஆம்பியரில் அரை வோல்ட் என்றால் 15 வாட் சூடு. விரலைச் சுட்டது அதுதான். பேட்டரி சுமார் 10.5 வோல்ட்டுக்கு இறங்கினால் அணைந்துகொள்ளும்படிதான் வழக்கமாக இன்வெர்ட்டரை அமைத்திருப்பார்கள். பேட்டரி முனையான ஈயக் கட்டையில் 11 வோல்ட் இருக்கும்போதே இன்வெர்ட்டருக்கு 10.5 தான் தெரிகிறது, அது கடையைச் சாத்திவிடுகிறது. சார்ஜ் ஆகும்போதும் இதே கோளாறு எதிர்ப்பக்கமாக நடக்கிறது. சார்ஜர் 14.4 கொடுத்துவிட்டதாக நினைக்கும், பேட்டரிக்குப் போய்ச் சேருவது அதைவிடக் குறைவு. மல்டிமீட்டர் இருந்தால், சுமை ஓடும்போது ஒரு முள்ளை ஈயக் கட்டையிலும் இன்னொன்றை லக்கிலும் வையுங்கள். பூஜ்யத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். நூறு மில்லிவோல்ட்டைத் தாண்டினால் ஸ்பேனரை எடுக்க வேண்டியதுதான். எடுப்பதற்கு முன் இன்வெர்ட்டரை அணைத்துவிட்டு, கை மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிடுங்கள்.

சார்ஜ் உள்ளே போகிறதா என்பதையும் அதே மீட்டரில் பார்த்துவிடலாம். கரண்ட் இருக்கும்போது பேட்டரி முனைகளில் அளந்தால் 13.5-ஐத் தாண்டி மெல்ல 14.4 பக்கம் ஏற வேண்டும். சார்ஜரை அணைத்தாலும் போட்டாலும் ஒரே எண்ணில் நிற்கிறதென்றால் எதுவும் உள்ளே போகவில்லை. ஃபியூஸ் போயிருக்கலாம், சார்ஜர் பகுதி கெட்டிருக்கலாம். இதற்கெல்லாம் முன்னால் இன்வெர்ட்டரின் பின்பக்கத்தை ஒரு தடவை பாருங்கள். யூ.பி.எஸ். என்றும் நார்மல் அல்லது ஈகோ என்றும் ஒரு குட்டி சுவிட்ச் இருக்கும். யூ.பி.எஸ். பக்கம் இருந்தால், வரும் வோல்டேஜ் 180 அளவுக்குக் கீழே இறங்கியதும் இன்வெர்ட்டர் அதைக் கரண்டாகவே மதிக்காது, பேட்டரிக்கு மாறிவிடும். டிரான்ஸ்ஃபார்மருக்கு வெகு தூரத்தில், லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளில் சாயங்காலம் மோட்டார்கள் ஓடும் நேரத்தில் இது தினமும் நடக்கும். தெருவிளக்கு எரிகிறது, பக்கத்து வீட்டில் டிவி ஓடுகிறது, நம் பேட்டரி மட்டும் சத்தமில்லாமல் காலியாகிறது. அப்புறம் உண்மையிலேயே கரண்ட் போகும்போது அதில் என்ன இருக்கும்? கணினி இல்லாத வீட்டில் அந்த சுவிட்ச் நார்மலில் இருந்தால் போதும்.

இனி, அதிகமாக இழுப்பது. கடையில் போடும் கணக்கு எளிமையாக இருக்கும்: 150-ஐ 12-ஆல் பெருக்கினால் 1800 வாட்-மணி, உங்கள் வீட்டுச் சுமை 280 வாட், ஆகவே ஆறரை மணி நேரம் வரும். வராது. 150 ஏ.எச். என்று பேட்டரியில் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் 20 மணி நேரக் கணக்கு. அதாவது 7.5 ஆம்பியர் வீதம் நிதானமாக எடுத்தால் 20 மணி நேரம் தரும். வேகமாக எடுத்தால் மொத்தமே குறைந்துவிடும். இதை பாய்க்கர்ட் என்ற ஜெர்மானியர் 1897-லேயே கணக்காக எழுதிவைத்துவிட்டார். இரண்டு சாதாரண ஃபேன் 150 வாட், இரண்டு எல்.இ.டி. டியூப் 40, டிவி 80, வைஃபை பெட்டி 10. ஆக 280 வாட். இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 29 ஆம்பியர் போகும். இந்த வேகத்துக்குப் புத்தம்புது பேட்டரியே மூன்றரை, நான்கு மணி நேரம்தான் தாங்கும். நாலு வருடப் பேட்டரி இரண்டரை மணி நேரம் தந்தால் அது கெட்டுப்போகவில்லை, வயதாகியிருக்கிறது. எங்கள் வீட்டில் இரண்டு ஃபேனையும் குறைந்த மின்சாரத்தில் ஓடும் 30 வாட் பி.எல்.டி.சி. வகைக்கு மாற்றியதில் 90 வாட் மிச்சமானது. பேட்டரிக்குப் பணம் போடுவதைவிட ஃபேனுக்குப் போடுவதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கட்சி.

சரி, லக் சுத்தம், சார்ஜ் போகிறது, சுமையும் கம்மி, அப்படியும் நிற்கவில்லை என்றால்தான் மூடியைத் திறக்க வேண்டும்.

உள்ளே இருப்பது 1859-ல் காஸ்டோன் பிளாந்தே என்ற பிரெஞ்சுக்காரர் செய்து காட்டிய அதே சங்கதிதான். 12 வோல்ட் பேட்டரியில் ஆறு அறைகள், ஒவ்வொன்றும் ஒரு செல். அதில் ஒரு பக்கம் ஈயத் தகடு, மறுபக்கம் ஈய டையாக்ஸைடு, நடுவில் நீர்த்த கந்தக அமிலம். மின்சாரம் வெளியே போகப் போக அமிலத்தில் உள்ள சல்ஃபேட் இரண்டு தகடுகளிலும் ஏறி ஈய சல்ஃபேட்டாகப் படிகிறது, மிஞ்சும் திரவம் தண்ணீரைப் போல லேசாகிக்கொண்டே வருகிறது. சார்ஜ் போட்டால் சல்ஃபேட் தகட்டை விட்டு மறுபடி அமிலத்துக்குத் திரும்புகிறது. செல்லில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்பதை அதன் திரவமே காட்டிக்கொடுத்துவிடும் என்பதுதான் இந்த வகைப் பேட்டரியின் பெரிய வசதி. செல்போன் பேட்டரியில் இந்தச் சலுகை கிடையாது.

திரவத்தின் கனத்தை அளக்கும் கண்ணாடிக் குழாய்தான் ஹைட்ரோமீட்டர். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். மெக்கானிக்குகள் இதை 'கிராவிட்டி பார்ப்பது' என்பார்கள். முழு சார்ஜில் உள்ள இன்வெர்ட்டர் டியூபுலர் பேட்டரி 27 டிகிரி சூட்டில் 1240 அளவுக்குக் காட்டும். கார் பேட்டரியில் இது 1280 வரை போகும். தண்ணீரை 1000 என்று வைத்து அதைவிட எவ்வளவு கனம் என்று சொல்லும் எண் இது; 1240 என்றால் ஒப்படர்த்தி 1.24. ஒப்படர்த்தியோடு 0.84-ஐக் கூட்டினால் அந்தச் செல்லின் வோல்ட் தோராயமாக வந்துவிடும் என்று ஒரு கைக்கணக்கு உண்டு. 1.24-க்கு 2.08, ஆறு செல்லுக்கு 12.5. முழு பேட்டரி என்றால் 12.7 வோல்ட் காட்ட வேண்டும் என்று எங்கோ படித்துவிட்டுத் தன் டியூபுலர் 12.5-ல் நிற்கிறதே என்று பதறுபவர்கள் உண்டு. அந்த 12.7 காருக்கு உரியது. எப்படியானாலும் சார்ஜரை அணைத்து மூன்று நான்கு மணி நேரம் ஆறவிட்ட பிறகு அளந்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு.

கிராவிட்டி பார்க்கும்போது ஒரு செல்லில் எவ்வளவு காட்டுகிறது என்பதைவிட ஆறு செல்லும் ஒன்றுக்கொன்று எப்படி இருக்கின்றன என்பதுதான் முக்கியம். ஆறும் 1150, 1160 என்று ஒரே மாதிரி தாழ்ந்திருந்தால் பேட்டரி பசியில் இருக்கிறது, சார்ஜ் போதவில்லை. ஐந்து செல் 1230-ஐ ஒட்டி நிற்க, ஒன்று மட்டும் 1100-ல் படுத்திருந்தால் அது செத்த செல். ஆறும் அழகாக 1240, 1250 காட்டியும் அரை மணியில் நின்றுவிட்டால் இரண்டில் ஒன்று நடந்திருக்கிறது: தகட்டின் மேல் உள்ள சத்து உதிர்ந்துவிட்டது, அல்லது யாரோ அமிலத்தை ஊற்றி எண்ணை ஏற்றியிருக்கிறார்கள்.

பசியின் கதையை முதலில் சொல்கிறேன், தமிழ்நாட்டுக்கு அது நன்றாகத் தெரிந்த கதை. 2012-ல் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு இருந்தது. பல ஊர்களில் ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். போகிற மணியில் பேட்டரியிலிருந்து 29 ஆம்பியர் எடுக்கிறோம். வருகிற மணியில் சார்ஜர் தருவது 12 ஆம்பியர், அதிலும் கொஞ்சம் வீணாகும். இப்படியே போனால் எந்தப் பேட்டரியும் நாள் முழுக்க நிரம்பாது. திரும்பாமல் தகட்டிலேயே தங்கிவிட்ட சல்ஃபேட், மாவு போல இருந்தது, நாள்பட நாள்பட பெரிய பளிங்காக இறுகிவிடும். மின்சாரத்துக்கு அதைக் கரைக்கும் வலு இருக்காது. அந்த வருடங்களில் வாங்கிய பல பேட்டரிகள் சீக்கிரமே படுத்ததற்குத் தரக்குறைவு என்று எல்லோரும் திட்டினார்கள். பாதிக் குற்றம் பட்டினியுடையது.

சல்ஃபேட் இறுகிய பேட்டரியைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல தடயம் உண்டு. கரண்ட் வந்து ஒரு மணி நேரத்திலேயே இன்வெர்ட்டரில் 'ஃபுல்' என்று பச்சை விளக்கு எரியும். சார்ஜர் பார்ப்பது வோல்டேஜை மட்டும்தான். இறுகிய தகடு மின்சாரத்தை வாங்காது, அதனால் வோல்டேஜ் கிடுகிடுவென்று 14.4-க்கு ஏறிவிடும். சின்ன டம்ளர் சீக்கிரம் நிரம்புவது போலத்தான். மூடியைத் திறந்து கிராவிட்டி பார்த்தால் 1150-லேயே நிற்கும். பச்சை விளக்கும் ஹைட்ரோமீட்டரும் வேறு வேறு சொன்னால் ஹைட்ரோமீட்டரைத்தான் நான் நம்புவேன்.

இதைச் சரிசெய்ய முடியுமா? இளசாக இருந்தால் ஓரளவு முடியும். பேட்டரிக் கடையில் கொடுத்து நாலைந்து ஆம்பியரில் இரண்டு நாள் மெதுவாக சார்ஜ் போடச் சொன்னால் கிராவிட்டி படிப்படியாக ஏறுவதைப் பார்க்கலாம். ஆறு மணி நேரத்துக்கு மேல் துளியும் ஏறாமல் நின்றால் அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. உயிர்ப்பிக்கும் பொடி, மருந்து, மந்திரப் பெட்டி என்று விற்பவற்றில் நான் காசு போட மாட்டேன். மாதக்கணக்கில் காலியாகக் கிடந்த பேட்டரிக்கு எதுவும் வேலை செய்யாது. கோடை லீவுக்கு வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவர்கள் பேட்டரியை முழுக்க நிரப்பி, வயரைக் கழற்றி வைத்துவிட்டுப் போவது நல்லது. சும்மா இருந்தாலும் இன்வெர்ட்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டேதான் இருக்கும்.

இன்று மின்வெட்டு குறைந்துவிட்டது. பட்டினி போய், இப்போது பேட்டரிகளைத் தாகம் கொல்கிறது. வருடம் முழுக்க சார்ஜிலேயே கிடப்பதால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனுமாகப் பிரிந்து மெல்ல வெளியேறுகிறது. மாடிப்படிக்கு அடியில், துணி மூட்டைக்குப் பின்னால் இருக்கும் பேட்டரியை யார் எட்டிப் பார்க்கிறார்கள்? மட்டம் தகடுக்குக் கீழே இறங்கினால், காற்றுப்பட்ட பகுதி கெட்டியாகிவிடும், பிறகு தண்ணீர் ஊற்றினாலும் அது திரும்பாது. மூடியில் இருக்கும் மிதவையை நம்பிவிடாதீர்கள், அழுக்கில் அது மேலேயே சிக்கிக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். டார்ச் என்று சொல்லக் காரணம் உண்டு: காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். தீக்குச்சியோடு குனிவதும், பூஜையறை விளக்குக்குப் பக்கத்தில் பேட்டரி வைப்பதும் வேண்டாம்.

ஊற்ற வேண்டியது டிஸ்டில்ட் வாட்டர் மட்டும்தான். ஆர்.ஓ. தண்ணீர் குடிக்கத்தான் சுத்தம், அதில் உப்பு மிச்சம் உண்டு. போர் தண்ணீரில் இருக்கும் இரும்பும் குளோரைடும் தகட்டை அரித்து, பேட்டரியை இருந்த இடத்திலேயே கசியவைக்கும். ராத்திரி நிரம்பியிருந்தது காலையில் காலி என்ற புகாருக்குப் பின்னால் பலசமயம் ஒரு குடம் குழாய்த் தண்ணீர் இருக்கும். ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரைப் பிடித்து ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அது செம்புக் குழாயையும் தூசியையும் கழுவிக்கொண்டு வருகிற நீர், இருபது ரூபாய் மிச்சத்துக்காக அதை ஊற்றுவானேன். முழு சார்ஜ் ஆன பிறகு ஊற்றுவதுதான் முறை. முன்னாலேயே நிரப்பினால் சார்ஜ் ஆகும்போது பொங்கி வழியும், வழிவது அமிலம். தகடு வெளியே தெரிந்தால் மட்டும், அது மூழ்கும் அளவுக்குக் கொஞ்சம் ஊற்றி சார்ஜ் போட்டுவிட்டு மீதியை அப்புறம் ஊற்றலாம். சட்டையில் ஒரு சொட்டு பட்டால் அன்று ஒன்றும் தெரியாது. துவைத்துக் காயப்போடும்போதுதான் ஓட்டை தெரியும். கண்ணுக்கு அந்த அவகாசம் கிடையாது, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

அமிலம் ஆவியாவதில்லை, போவது தண்ணீர்தான். அதனால் அமிலத்தைச் சேர்க்க வேண்டிய அவசியமே சாதாரணமாக வராது. ஆனால் "கிராவிட்டி கம்மியா இருக்கு, ஆசிட் டாப்-அப் பண்ணிடலாம்" என்று ஒரு சேவை ஊரெங்கும் நடக்கிறது. எண் உடனே ஏறும், இரண்டு வாரம் நன்றாகவும் ஓடும். தகட்டில் மாட்டியிருக்கும் சல்ஃபேட் தகட்டிலேயே இருக்க, புது அமிலம் தகட்டை அரித்துக்கொண்டிருக்கும். காய்ச்சல்காரனுக்குத் தெர்மாமீட்டரை ஐஸில் முக்கிக் காட்டுகிற வைத்தியம் இது.

செத்த செல்லின் வழி வேறு. தகட்டிலிருந்து உதிர்ந்த தூள் அடியில் சேர்ந்தோ, இடைத்தாள் கிழிந்தோ இரண்டு தகடுகள் தொட்டுக்கொண்டால் அந்த ஒரு செல் ஷார்ட் ஆகிவிடும். பன்னிரண்டு வோல்ட் பேட்டரி பத்தரை வோல்ட் பேட்டரியாகிவிடும். சார்ஜருக்கு இது தெரியாது. ஆறு செல்லுக்கு உரிய 14.4-ஐ அது ஐந்து செல்லின் மேல் ஏற்றும். அவை கொதிக்கும், தண்ணீர் வாரக்கணக்கில் வற்றும், அழுகிய முட்டை நாற்றம் வரும். சார்ஜ் ஓடும்போது எட்டிப் பார்த்தால் ஐந்து செல் பொங்க, ஒன்று மட்டும் குமிழியே இல்லாமல் இருக்கும். அந்த நாற்றம் வந்தால் உடனே அணைத்துவிட்டு ஜன்னலைத் திறக்க வேண்டும். இந்தச் செல்லை மட்டும் மாற்ற வழியில்லை. இரண்டு பேட்டரி போட்ட 24 வோல்ட் வீடுகளில் ஒன்று போனால் ஒன்றை மட்டும் மாற்றுகிறார்கள். பழையது சீக்கிரம் காலியாகும், சீக்கிரம் நிரம்பும், புதியது அதன் பின்னால் அரைகுறையாக இழுபட்டுத் தானும் கெடும். இரண்டையும் சேர்த்து மாற்றுவது கசப்பான ஆலோசனைதான், என்ன செய்வது.

அன்று லக்கைத் தேய்த்துக் கொடுத்த அண்ணன், அத்தோடு விடாமல் ஆறு செல்லின் கிராவிட்டியையும் பார்த்து மார்க்கரால் பேட்டரியின் பக்கவாட்டில் எழுதிவைத்தார். 1235, 1230, 1225, 1235, 1235, 1230, கீழே தேதி. ஒன்றரை வருடம் கழித்துப் பேக்கப் மறுபடி இறங்கியது. லக் சில்லென்று இருந்தது. மூடியைத் திறந்து பார்த்தால் மற்றவை எல்லாம் 1220-க்குப் பக்கத்தில், மூன்றாவது மட்டும் 1110. "இதுதாண்டா தம்பி நிஜமாவே போனது" என்றார். முதல் தடவையே அது மற்றவற்றைவிட ஐந்து, பத்து புள்ளி குறைவு என்பது சுவரோரமாகத் திருப்பிவைத்திருந்த எழுத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

பழையதைத் தெருவில் வரும் இரும்புக்காரரிடம் போடவில்லை. அவர்களில் சிலர் கனத்தைக் குறைக்க அமிலத்தைச் சாக்கடையில் கவிழ்த்துவிடுகிறார்கள். பழைய பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை 2022-ன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் தயாரிப்பாளர்கள் மேல் வைத்திருக்கின்றன, கடைக்காரரும் எக்ஸ்சேஞ்சில் விலையைக் கழித்துக்கொண்டார். புதியது வந்து இறங்கிய அன்று, முழு சார்ஜ் ஆகி ஆறியதும், ஆறு எண்களை இந்த முறை நானே எழுதினேன், முன்பக்கம் தெரிகிற மாதிரி.